நேர்காணலுக்கு முன்பே முடிந்துவிடும் விஷயம்

ஒருநாள் கலெக்டர் ஆபீஸில் கூப்பிடுவார்கள், கேட்கிற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்பும் இலங்கைத் தமிழர்கள் உண்டு. இந்த நம்பிக்கை கடல்கடந்து வந்தது. கனடாவில் 20 கேள்விகளில் 15-க்குச் சரியான விடை தந்தால் குடியுரிமைத் தேர்வில் தேறிவிடலாம். அங்கே தேறிய சொந்தக்காரர் போனில் சொல்வதை ராஜபாளையம் அருகே மொட்டமலை அகதிகள் முகாமில் இருப்பவரும் தனக்குப் பொருத்திப் பார்ப்பது இயல்புதான். இங்கே நடைமுறையே வேறு. விண்ணப்பம் ஆட்சியரிடம் போகும், விசாரணை நடக்கும், மாநில அரசு வழியாக மத்திய உள்துறைக்குச் செல்லும். அந்த விசாரணையில் யாரும் அறிவைச் சோதிப்பதில்லை. எப்போது, எங்கே பிறந்தீர்கள், பெற்றோர் யார், இந்தியாவுக்குள் எப்படி வந்தீர்கள் என்பதைத்தான் சரிபார்க்கிறார்கள்.

இங்கேயே பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன்தானே என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த குழந்தை, பெற்றோர் இருவரும் அகதிகளே ஆனாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1995-இல் பிறந்தது என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2006-இல் பிறந்தது என்றால் அதுவும் போதாது: தாய் ராஜபாளையத்துக்காரராகவே இருந்தாலும், தந்தை பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர் என்றால் சட்டம் அவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது; குழந்தைக்குக் குடியுரிமை மறுக்கப்படுகிறது. ஒரே மருத்துவமனையில் பிறந்தவர்களை இப்படித் தேதியால் பிரிப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நாற்பது வருடம் வாழ்ந்ததற்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். பன்னிரண்டு ஆண்டு வசித்தால் குடியுரிமை கோர வழிசெய்யும் பிரிவு இருக்கிறது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம், 'சட்டவிரோதக் குடியேறி' எனப்படும் இவர்களுக்கு அந்த வாசலை அடைத்துவிட்டது. உள்ளூரில் கல்யாணம் செய்துகொண்டாலும் அதே தடைதான். 2019 திருத்தம் தந்த சலுகை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. 2025-இல் வந்த விலக்காணை, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து காக்கிறது, குடியுரிமை தரவில்லை. ஆதாரும் குடியுரிமைச் சான்று அல்ல, அதன் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

எல்லாமே மேலிடத்தில் முடிவாகிறதென்றால் காகிதம் சேர்த்து என்ன பயன் என்று சலித்துக்கொள்வதும் தவறு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. பிறப்பால் அவர் இந்தியர் என்று 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அவரைக் காப்பாற்றியது பிறந்த தேதியும் அதற்கான ஆதாரமும். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்து, 1987 ஜூலைக்கு முன் இங்கே பிள்ளை பெற்ற குடும்பங்கள் முதலில் தேட வேண்டியது பிறப்புச் சான்றிதழைத்தான். அது இப்போது வசிக்கும் முகாமில் கிடைக்காது, பிறந்த ஊரின் பதிவேட்டில்தான் இருக்கும். பதிவே செய்யாமல் விட்டிருந்தால் தாமதப் பதிவுக்கு வழி உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது; பிரசவம் பார்த்தவர்களும் சாட்சி சொல்லக்கூடியவர்களும் முதுமையில் இருக்கிறார்கள்.