இயந்திரத்தின் தாங்கி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் அறிய வேண்டியவை

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்ததும் நம் மாணவர்களில் சிலர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடத் தொடங்குகின்றனர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள என் நண்பர்கள் வண்ணத்தையும் சக்கரத்தையும் பார்த்தே விலை பேசுகின்றனர். இயந்திரத்தின் பேரிங்கைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது கெட்டால் பல மாதச் சம்பளம் கரைந்துவிடும். எனவே, இயந்திரவியல் மாணவன் என்ற முறையில் இதனை விளக்க விழைகிறேன்.

பேரிங் என்பது யாது?

பேரிங்கைத் தமிழில் 'தாங்குருளை' என்பர். குண்டுகள் உருளும் சைக்கிள் சக்கரத்திற்கு அச்சொல் பொருந்தும். கார் இயந்திரத்தின் கிராங்க் தண்டைத் தாங்குபவையோ அரைவட்டமாய் வளைந்த மெல்லிய உலோகத் தகடுகள். அங்கே உருள்வது எதுவுமில்லை. ஆகவே, 'தாங்கி' என்பதே தகும். தகட்டிற்கும் தண்டிற்கும் இடையே தலைமயிரின் பருமனளவே இடைவெளி உண்டு. சுழலும் தண்டு எண்ணெயை அதற்குள் இழுக்க, அந்த எண்ணெய்ப் படலமே பாரத்தைச் சுமக்கிறது. 1880களில் பியூசாம்ப் டவர் இரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, துளையில் அடைத்த தக்கையை எண்ணெயின் அழுத்தம் வெளியே தள்ளியது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

ஏன் கெடுகிறது?

படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். எண்ணெய் குறைவது, அழுக்கடைவது, குளிர்ந்த இயந்திரத்தை உடனே முடுக்குவது ஆகியவை முக்கியக் காரணங்கள். வேகமாக வளையும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சுவதும் உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் சூடேறிய எண்ணெய் மெலிந்து, அதன் அழுத்தமும் குறைகிறது. புகழ்பெற்ற நிறுவனங்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2001 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3 கார்களில் பிஸ்டன் தண்டின் தாங்கிகள் கெட்டதால், அந்நிறுவனமே அவற்றை மாற்றிக் கொடுத்தது.

எவ்வாறு தடுப்பது?

1. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று, நீங்களே முடுக்கிக் கேளுங்கள். வேகத்தோடு கூடும் 'டக் டக்' ஓசை எழுந்தால் வாங்காதீர்கள்.
2. சூடான பின், நின்ற நிலையில் எண்ணெய் விளக்கு மினுக்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.
3. எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் தாங்கி தேய்வதைக் காட்டும்.
4. வாங்கியபின், கையேடு கூறும் தரத்தில் எண்ணெய் ஊற்றி, அளவை வாரந்தோறும் பாருங்கள்.

உரிமை மாற்றச் சோதனையில் இயந்திரத்தின் எண்ணைச் சரிபார்ப்பார்கள். தாங்கியைத் திறந்து பார்ப்பதில்லை. அப்பொறுப்பு வாங்குபவருடையது. ஓசை கேட்டதும் வண்டியை நிறுத்தினால், பெரும்பாலும் தகடுகளை மாற்றுவதோடு செலவு முடியலாம். வீடுவரை ஓட்டிவிடலாம் என்று எண்ணினால் தண்டு முறிந்து இயந்திரமே உடையக்கூடும்.