பைப் புகையிலை: எந்த ரகம் எந்த நாக்குக்கு?

பைப் புகையிலை வைத்திருக்கும் கடைகள் குறைவுதான். பெரிய நகரங்களிலும் சில மலை ஊர்களிலும்தான் அந்த டின்களைப் பார்க்க முடியும். ஆனால் அதை வாங்க வருகிறவர் தனக்குப் பிடித்தது கிடைத்துவிட்டால் வருடக்கணக்கில் அதே கடைக்குத்தான் வருவார். கிடைக்காவிட்டால் பாதி டின்னோடு நிறுத்திவிட்டு, அந்தக் கடைச் சரக்கே மட்டம் என்று நாலு பேரிடம் சொல்லுவார். சரக்கில் பழுது இருக்காது. அவர் நாக்குக்கு ஒவ்வாத ரகம் கைமாறியிருக்கும். எனவே ரகம் பிரித்துச் சொல்லத் தெரிவது நமக்கு முதல் போட்ட மாதிரி.

பெரும்பாலோர் டின் மேலுள்ள வாசனைப் பெயரைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வெனிலா, செர்ரி என்று இருந்தால் உடனே எடுத்துக்கொள்கிறார்கள். இது மேல்பூச்சு வாசனை. கருப்பு கேவண்டிஷ் என்கிறார்களே, அது ஓர் இலையின் பெயர் அன்று, ஒரு பக்குவத்தின் பெயர். இலையை நீராவியிலும் அழுத்தத்திலும் கறுக்க வைத்து, இனிப்பும் எசன்ஸும் ஏற்றுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மணக்கும். புகைக்கிறவர் நாக்கில் அந்த ருசி பாதிகூட நிற்காது. கேக் வாசனையை நம்பி வாங்கியவர் ஏமாந்து போவது இதனால்தான். ஈரப்பதமும் இந்த ரகத்தில் அதிகம்.

ஆகவே வாசனையை விட்டுவிட்டு இலையிலிருந்து தொடங்க வேண்டும்.

விர்ஜீனியா நமக்கு அந்நியச் சரக்கு அன்று. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நன்றாக விளைகிறது. 1976இல் அமைந்த புகையிலை வாரியத்தின் தலைமையகம் குண்டூரில்தான் இருக்கிறது. பச்சை இலையை மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, இரும்புக் குழாய்கள் வழியே வெப்பத்தை மட்டும் செலுத்துகிறார்கள். புகை இலையைத் தொடாது. ஒரு வாரத்திற்குள் இலை எலுமிச்சை மஞ்சளாகிவிடும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இலையிலேயே நின்றுவிடும். எனவே இயற்கையான இனிப்பும் காய்ந்த புல் வாசமும் உண்டு. அந்தச் சர்க்கரையே ஒரு தொல்லையும் கூட. அவசரமாக இழுத்தால் சூடேறி நாக்கு எரியும். நிதானமாகப் புகைக்கிறவருக்குத்தான் விர்ஜீனியா.

பர்லி வேறு குணம். காற்றில் பல வாரம் உலர்த்தும் இலை. 1864இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தென்பட்ட வெள்ளை பர்லியிலிருந்துதான் இன்றைய வகை பெருகியது. சர்க்கரை மிகக் குறைவு, வறுத்த கடலை போன்ற ருசி, நிகோடின் கூடுதல். வெறும் வயிற்றில் புகைத்தால் தலை சுற்றும் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

துருக்கி, கிரீஸ் பக்கத்துச் சிறிய இலையை வெயிலில் காயவைப்பார்கள். அதை ஓரியண்டல் என்பார்கள். தனியாக அதிகம் ஓடாது, கலவையில் மணம் கூட்டும்.

இனி லட்டாக்கியா. சிரியாவின் துறைமுகப் பட்டினத்தின் பெயர். இப்போது பெரும்பாலும் சைப்ரஸ் தீவிலிருந்து வருகிறது. உலர்ந்த இலையை மூலிகைச் செடி, மரக்குச்சிகளின் புகையில் கறுக்கும்வரை கட்டித் தொங்கவிடுகிறார்கள். விறகடுப்பு எரிந்த பழைய சமையலறைப் பரணின் வாசம் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். விர்ஜீனியா, ஓரியண்டல், லட்டாக்கியா மூன்றும் சேர்ந்தது இங்கிலீஷ் கலவை. இதில் நடுவழி கிடையாது. முதல் நாளே பிடித்துப்போகும், அல்லது வீட்டில் உள்ளவர்கள் வெளியே போகச் சொல்லுவார்கள்.

பெரீக் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரு சிறு வட்டாரத்துச் சரக்கு. இலையை மரப் பீப்பாயில் திணித்து, திருகால் அழுத்தி, இடையிடையே எடுத்துப் புரட்டி, ஏறக்குறைய ஒரு வருடம் புளிக்க வைக்கிறார்கள். மிளகுக் காரமும் அத்திப்பழ வாசமும் இருக்கும். சமையலில் பெருங்காயம் எப்படியோ அப்படி, சிறிதளவுதான் சேர்ப்பார்கள். விர்ஜீனியா இனிப்பு அலுத்துப்போனவருக்கு இந்தக் கலவையைக் காட்டலாம்.

வாடிக்கையாளரிடம் எதைக் கேட்பது? இதுவரை புகைத்ததில் எது பிடிக்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். 'நாக்கு எரிகிறது' என்றால் ரகத்தை மாற்றுவதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள். விரலால் கிள்ளி அழுத்தினால் கட்டியாகவே நிற்கும் புகையிலை ஈரம். கொஞ்ச நேரம் காகிதத்தில் பரப்பி வைத்தால் சரியாகும். ஈரச் சரக்கைப் பற்ற வைக்க முடியாமல் பலமாக இழுப்பார்கள், நீராவி நாக்கைச் சுடும். பழி இலைக்கு வந்து சேரும்.

'ருசியே தெரியவில்லை' என்றால் வாசனை ரகத்திலிருந்து பர்லிக்குக் கொண்டு வாருங்கள். 'இனிப்புத் திகட்டுகிறது' என்றால் இங்கிலீஷ் கலவை. ஒரே சமயத்தில் நாலு டின் கட்டிக் கொடுப்பது அன்றைய கல்லாவுக்கு நல்லது, அடுத்த மாத வியாபாரத்துக்கு நல்லதன்று. 50 கிராம் ஒன்று போதும். அதையும் மூன்று நான்கு தடவை புகைத்த பிறகே தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பைப்பும் ஏமாற்றும். லட்டாக்கியா புகைத்த கிண்ணத்தில் விர்ஜீனியாவைப் போட்டால் பழைய வாசமே வரும். புது ரகம் சோதிக்க மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப் மலிவு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் செய்து வருகிறார்கள்.

இருப்பு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய டின்னில் விர்ஜீனியா சில வருடம் கிடந்தால் மென்மை கூடும் என்று விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. லட்டாக்கியா நாளாக நாளாகக் காரம் இறங்கிவிடும். வாசனை ரகம் பழசானால் லாபம் ஒன்றுமில்லை, எனவே அதைக் குறைவாகவே கொள்முதல் செய்யுங்கள். பழைய டின்னைக் கொண்டுவந்து அதே பெயர் கேட்பவர்களும் வருவார்கள். டன்ஹில் பெயரிலான பைப் புகையிலைகள் நின்றுபோய், அதே கலவைகள் 2019 முதல் பீட்டர்சன் பெயரில் வருகின்றன. இது தெரியாமல் 'இல்லை' என்று அனுப்பிவிட்டால் வந்த வியாபாரம் போனதுதான்.

புகைக்காதவரை இதற்கு இழுப்பது நம் வேலையன்று. சிகரெட்டைவிட பைப் சாதுவானது என்று கடையில் நின்று சொல்லவும் கூடாது. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் பைப்பாலும் வருகிறது. விட்டுவிட நினைத்து வந்து நிற்கிறவரிடம் புது ரகம் பேசாமல் இருப்பதே மரியாதை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. உறையில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். படமில்லாத வெளிநாட்டு டின்னை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கி அடுக்காதீர்கள்.

நாங்கள் பைப் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். வாங்கிய ரகம், தேதி, அடுத்த முறை வந்து சொன்ன குறை. மூன்று வரி எழுதினால் நாலாவது டின் எது என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும்.