மெதுவாகப் போனால் ஏன் கொதிக்கிறது?

மோட்டார் வண்டி வேகமாக ஓடினால் எஞ்சின் சூடாகும், மெதுவாக ஊர்ந்தால் குளிர்ந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஓடுகிற மனிதனுக்கு அது பொருந்தும். வண்டிக்குப் பல சமயம் பொருந்துவதில்லை. காசிக்கும் பிரயாக்ராஜுக்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சமர்த்தாக ஓடிய கார், லங்கா வாயிலிலிருந்து சோனார்பூரா வரை ரிக்ஷாக்களுக்கு நடுவே ஊர்வதற்குள் ஆவி கக்குவதைக் கோடையில் நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். இது வெறும் தொல்லை மட்டுமன்று. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமும் அதுவே.

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே, அதுவும் நல்ல நிலையில், வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்தான் சுமக்க வேண்டும். பம்பு அந்த நீரைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவுக்குள் மெழுகு இருக்கிறது. பல கார்களில் 82 முதல் 88 டிகிரி சென்டிகிரேடு வரையிலான சூட்டில் அது உருகி விரிந்து கதவைத் திறக்க, நீர் ரேடியேட்டருக்குள் வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களையும் தகடுகளையும் தழுவிச் செல்லும் காற்று, சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஆக, உள்ளே ஒரு நீரோட்டம், வெளியே ஒரு காற்றோட்டம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே வந்து மோதுகிறது. விசிறிக்கு வேலையே இல்லை. நெரிசலில் நிற்கும்போதோ எஞ்சின் தரும் வெப்பம் குறைவானாலும், விசிறி இழுத்தாலொழியக் காற்றே கிடையாது. எனவே ஊர்ந்தால் மட்டும் கொதிக்கிறது என்றால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் கொதித்தால் நீரைச் சந்தேகிக்க வேண்டும்: அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்பு, போன ஹெட் காஸ்கெட். இது முடிந்த முடிவன்று. பாதி அடைபட்ட ரேடியேட்டர் இரண்டு இடத்திலும் தொல்லை தரக்கூடும். ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழி நான் அறியேன்.

நம் சங்கத்து மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் பழைய சிறு கார் ஒன்று இருக்கிறது. "ரோட்டிலே சமர்த்து, சந்திலே அழுகை. இது என்ன பிள்ளை, தம்பி?" என்று என்னைக் கேட்டார். அதற்குள் ஒரு மிஸ்திரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார். (நம்மூரில் மேஸ்திரி என்றால் கொத்தனாருக்குத் தலைவர், இங்கே கார் பழுதுபார்ப்பவரும் மிஸ்திரியே.) இன்னொருவர் ஹெட் காஸ்கெட் போயிற்று, எஞ்சினைப் பிரிக்க 20,000 ரூபாய் ஆகும் என்று நாளும் குறித்துவிட்டார். உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவருக்கு அது சிறு தொகையா? காஸ்கெட் போயிருந்தால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் அல்லவா முதலில் தெரியும் என்றேன் நான்.

விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டோம். முள் நடுவைத் தாண்டியதும் விசிறி சுழன்றது. இருவரும் அதைப் பார்த்துத்தான் விசிறியில் குறையில்லை என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் சுழல்வது வேறு, காற்றை இழுப்பது வேறு. முன்புறக் கம்பி வலைக்கு நேரே ஒரு தாளைப் பிடித்தோம். விசிறி உள்நோக்கி இழுத்தால் தாள் வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை, எங்கள் பக்கம் படபடத்தது! முந்திய ஆண்டு விசிறி மோட்டாரை மாற்றியவர் இரண்டு ஒயர்களையும் மாற்றி முறுக்கியிருக்கிறார். நேர்மின்சார மோட்டாருக்கு ஒயர் மாறினால் சுழற்சியும் தலைகீழாகும். இதழ்களின் வளைவு ஒரு திசைக்கே ஏற்றதாகையால், மறுதிசையில் சுழன்றால் காற்று நகர்வது மிகவும் குறைவு. ஒயர்களை மாற்றி டேப் சுற்றினோம். அரை மணி நேரம் நின்றபடியே ஓடியும் முள் நடுவைவிட்டு அசையவில்லை. பிரிக்கக் குறித்த நாள் ரத்தாயிற்று.

விசிறி சுழலவே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே. அவை சரியாக இருந்தால் மோட்டாருக்கு நேரே பாட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். சுழன்றால் குறை, சூட்டை உணரும் ஸ்விட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. இஞ்சின் நின்ற பின்னும் சில கார்களில் விசிறி திடீரென்று கிளம்பும். கையை விலக்கியே வைக்கவேண்டும். ரேடியேட்டர் தகடுகளில் தூசும் பூச்சியும் அப்பியிருந்தால், ஆறிய பிறகு எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீர்வீச்சில் கழுவலாம். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டை வேண்டாத பொருள் என்று கழற்றிவிடுவோர் உண்டு. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கத்துச் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் நாட்டில் பரவிய வைத்தியம். எனக்கு அதில் சம்மதமில்லை. எஞ்சின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, கொதிப்பே கூடும். நண்பரின் காரில் புதியது ஒன்று பொருத்தியாயிற்று.

வழியில் முள் ஏறக் கண்டால் ஏர்கண்டிஷனை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதும் திறக்கலாம். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டரே. உள்ளே இருப்பவர்களுக்கு வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும். ஆவி வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பதே வழி. மூடியைத் தொடக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கும் மூடியின் கீழ் வெறுந்தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் காத்திருக்கும். திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பாயும். மூடி கைக்குச் சுடாத அளவு ஆறிய பிறகே திறந்து நீர் சேர்க்கவேண்டும். சுடச்சுட இருக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.