கஜக் கணக்கு: கோல்ஃப் மட்டையில் சென்சார் பொருத்தி ஆடுவது எப்படி

ஏனாத்தூரில் கஜம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறு கஜமா ஒன்பது கஜமா என்று கேட்டுத்தான் கடைக்காரர் புடவையை எடுத்துப் போடுவார். கோல்ஃப் மைதானத்தில் சொல்லும் யார்டும் அதே கஜம்தான். ஆனால் புடவையை அளந்து விற்கும் நாம், நம்முடைய ஏழாம் நம்பர் அயர்ன் பந்தை எத்தனை கஜம் அனுப்புகிறது என்று கேட்டால் அளக்காமலேயே பதில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது என்றோ ஒருநாள் அடித்த மிகச் சிறந்த ஷாட்டின் தூரமாக இருக்கும்.

நம் ஊரில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தை ஆடுகிறவருக்கு இன்னொரு சிரமமும் உண்டு. 18 குழி மைதானம் வேண்டுமென்றால் பெங்களூரு நெடுஞ்சாலை வழியாகச் சென்னை நந்தனத்துக்குப் போக வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர். தமிழ்நாடு கோல்ஃப் சம்மேளனத்தின் காஸ்மோ மைதானம் அங்கேதான் இருக்கிறது. மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தினமும் மாலையில் போய்த் தன் தவறைத் திருத்திக்கொள்வார். நமக்கு வாரத்தில் ஒருநாள் கிடைத்தாலே அதிகம். அந்த ஒருநாளில் நடந்ததைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மீதி ஆறு நாளும் அதை வைத்து வேலை செய்ய வேண்டும். ஷாட் சென்சார் அதற்குத்தான்.

வாங்கும் முன்

மட்டையின் பிடியில், மேல் நுனியில், ஒரு சிறு துளை இருக்கும். சென்சாரை அதில்தான் திருகுகிறோம். எந்த மட்டையால் எந்த இடத்தில் பந்தை அடித்தீர்கள் என்பதை அது செல்பேசிக்கோ கைக்கடிகாரத்துக்கோ சொல்கிறது. இடத்தைக் கண்டுபிடிப்பது ஜி.பி.எஸ். வேலை. அடுத்த ஷாட்டை எங்கிருந்து அடிக்கிறீர்களோ, அதுவரை முந்தைய ஷாட் போயிருக்கிறது என்று கணக்கு.

சந்தையில் இருப்பவற்றில் ஆர்க்காஸ், ஷாட் ஸ்கோப், கார்மின் ஆகிய மூன்று பெயர்களும் அடிக்கடி காதில் விழும். கார்மின் சென்சார் அதே நிறுவனத்தின் கடிகாரத்தோடு சேர்ந்து வேலை செய்வது. ஆர்க்காஸுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. ஷாட் ஸ்கோப்புக்குச் சந்தா இல்லை, மட்டையில் திருகும் அதன் டேக்குகளில் பேட்டரியும் இல்லை. மாதம் ஒன்றிரண்டு முறை மட்டுமே ஆடுகிறவர் சந்தாக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் ஆடும் மைதானத்தின் வரைபடம் அந்தச் செயலியில் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். பட்டரில் தடித்த பிடி போட்டிருந்தால் சென்சார் நேராகப் பொருந்துமா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், சென்சார் வாங்கும் முன் மூன்று ஆட்டங்களுக்குப் பென்சிலும் சிறு நோட்டும் போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மட்டை, புறப்பட்ட தூரம், பந்து கிடந்த இடம் என்று மூன்று விஷயங்களை எழுதுங்கள். இதை எழுதப் பொறுமை உள்ளவருக்குச் சென்சார் மிகவும் பயன்படும். பொறுமை இல்லாதவருக்கு அது மட்டையின் பிடி நுனியில் ஒரு பொத்தானாகவே இருந்துவிடும்.

பொருத்தும் நாள்

மைதானத்தில் வைத்துப் பொருத்தாதீர்கள். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரு மட்டை, ஒரு சென்சார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் செயலியோடு இணையுங்கள். மற்ற சென்சார்களைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக்கொண்டு செய்தால் எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் இடம் மாறிப் போகும். பல ஆட்டங்களுக்குப் பிறகுதான் அது தெரியவரும். 52 டிகிரி, 56 டிகிரி வெட்ஜ்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டு முறுக்கினால் பிடியின் ரப்பர் கிழியும்.

பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. குறைவாக இருந்தால் தவறில்லை.

மைதானத்தில்

செல்பேசியை நம்பி இயங்கும் வகையானால், அது உங்கள் முன்பாக்கெட்டில் இருக்க வேண்டும். பந்தில் மட்டை படும் சத்தத்தைச் சில கருவிகள் செல்பேசியின் மைக் வழியாகவே கேட்கின்றன. நம் மைதானங்களில் கேடி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். செல்பேசி அந்தப் பைக்குள் போனால் உங்கள் ஷாட் எங்கே விழுந்தது என்பதற்குப் பதிலாகக் கேடி எங்கே நின்றார் என்பதுதான் பதிவாகும். பந்து கிடக்கும் இடத்துக்கே போய் நின்று, பிறகு அவரிடம் மட்டையை வாங்குங்கள்.

ஜி.பி.எஸ். எவ்வளவு துல்லியம்? திறந்த வானத்தின் கீழ் செல்பேசி ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். ஒரு ஆறு கஜப் புடவையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. 200 கஜ டிரைவுக்கு இந்தப் பிழை பொருட்டில்லை. கிரீன் ஓரத்தில் பத்து கஜச் சிப்புக்கும், கிரீன்மேல் பட்டுக்கும் அதுவே பெரிய பிழை. அதனால் கிரீனை அடைந்ததும் முதல் பட்டின் தூரத்தைக் காலடியால் அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடி எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

போட்டியில் ஆடினால் விதி 4.3-ஐ நினைவில் வையுங்கள். தூரத்தைப் பார்க்கலாம், ஆட்டத்தைப் பதிவு செய்யலாம். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுத் தூரம் சொல்லும் வசதியை அணைத்துவிட வேண்டும். இந்த இடத்திலிருந்து இந்த மட்டையை எடு என்று கருவி தரும் யோசனையையும் கேட்கக் கூடாது. மீறினால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஷாட் தண்டம், மறுபடியும் மீறினால் தகுதி நீக்கம். ஆனால் கேடி, "சார், ஆறாம் நம்பர் எடுங்க" என்று சொன்னால் தாராளமாகக் கேட்கலாம். அந்த யோசனைக்கு விதியில் தடை இல்லை. நம்மைப் பல முறை பார்த்த கேடியின் கண், பெரும்பாலும் சென்சார் பிறகு சொல்லப்போகும் தூரத்தையே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

அன்று மாலையே

பலர் தவறவிடுவது இந்த வேலையைத்தான். சென்சார் தானாகவே சரியான கணக்கைத் தந்துவிடாது. வெறும் ஒத்திகை வீச்சை ஷாட் என்று எண்ணியிருக்கும். குழிக்கு அருகே ஒற்றைக் கையால் தட்டிவிட்டதை விட்டிருக்கும். தண்ணீரில் விழுந்த பந்துக்கான தண்டத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நண்பர் "போதும், எடுத்துக்கோங்க" என்று விட்டுக்கொடுத்த பட்டையும் சேருங்கள். ஸ்கோர் கார்டை எதிரே வைத்து ஒவ்வொரு குழியாகச் சரிபாருங்கள். திரும்பி வரும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் காபிக்கு நிற்கும்போதே செய்துவிடலாம். மூன்று நாள் கழித்தால் பதினோராம் குழியில் என்ன நடந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

மரத்தடியிலிருந்து பந்தை வெளியே தள்ள ஏழாம் நம்பரை அரைவீச்சாகப் பயன்படுத்தியிருந்தால், அந்த ஷாட்டைத் தூரக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பருவத்தையும் குறியுங்கள். கருவி சொல்வது பந்து உருண்டு நின்ற இடம்வரையான தூரம். காற்றில் பறந்த தூரம் அல்ல. மே மாதத்தில் காய்ந்து இறுகிய ஃபேர்வேயில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நவம்பர் மழையில் விழுந்த இடத்திலேயே புதையும். இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால் இரண்டு மாதத்துக்குமே உதவாத எண்தான் வரும். விடுமுறையில் ஊட்டிக்குப் போய் ஆடினால் அதைத் தனியாக வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்திருப்பதால், பந்து வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் போகும்.

எண்களை வாசிப்பது

ஒருவர் ஏழாம் நம்பரால் அடித்த பத்து ஷாட்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 151, 148, 141, 139, 138, 136, 133, 129, 112, 64. அவரைக் கேட்டால் "150" என்பார். சராசரி 129. நடுவில் நிற்கும் எண் 137. இந்த மூன்றில் நம்ப வேண்டியது கடைசியைத்தான். ஒரே ஒரு மோசமான ஷாட் சராசரியைக் கீழே இழுத்துவிடும், ஒரே ஒரு நல்ல ஷாட் நினைவை மேலே தூக்கிவிடும், இரண்டாலும் அசையாதது நடு எண். கிரீனின் முன்விளிம்பு 140 கஜத்தில், அதற்கு முன்னால் ஒரு பங்கர் என்றால், இவர் ஏழாம் நம்பரை எடுத்தால் பத்தில் மூன்று முறைதான் தாண்டுவார். உருண்ட தூரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். ஒரு நம்பர் நீளமான மட்டையை எடுத்தால் போதும், வீச்சை மாற்றாமலேயே பங்கரைத் தாண்டலாம்.

அடுத்தது, ஷாட்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் லேசர் கருவிகளால் பதிவான லட்சக்கணக்கான ஷாட்களை வைத்து ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு’ என்ற முறையை வகுத்தார். பட்டிங்கை அளக்க பி.ஜி.ஏ. டூர் 2011-ல் அதை ஏற்றுக்கொண்டது. இன்று பல செயலிகளில் இருப்பது அதன் வழிவந்த கணக்குதான்.

கேட்கக் கடினமாக இருந்தாலும் கூட்டல் கழித்தல்தான். ஃபேர்வேயில் 100 கஜத்தில் பந்து கிடந்தால், ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் குழியில் போட சராசரியாக 2.80 ஷாட் எடுப்பார். கிரீனில் 33 அடியிலிருந்து 2.0 ஷாட், 8 அடியிலிருந்து 1.5 ஷாட். உங்கள் வெட்ஜ் பந்தை 33 அடியில் நிறுத்தினால் 2.80-லிருந்து 2.0-ஐக் கழித்து, அடித்த ஒரு ஷாட்டையும் கழியுங்கள். மிச்சம் மைனஸ் 0.20. எட்டடியில் நிறுத்தினால் பிளஸ் 0.30. அதே 100 கஜம் ரஃபில் என்றால் தொடக்க எண்ணே 3.02. ஃபேர்வேயை விட்டு விலகியதன் விலை 0.22 ஷாட். செயலியில் தொழில்முறையாளருக்குப் பதிலாக உங்களை ஒத்த ஹேண்டிகேப் உள்ளவரோடு ஒப்பிடும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஹேண்டிகேப் ஒன்றே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ல் வந்த உலக முறைப்படி, அது கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரி. மோசமான பன்னிரண்டு அதில் மறைந்துவிடுகிறது. திருத்த வேண்டியதெல்லாம் அந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது.

பிராடியின் ஆய்வில் ஆட்டக்காரர்களை வியக்க வைத்த ஒரு முடிவு உண்டு. திறமையில் வரும் வேறுபாட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்களால் வருகிறது. ‘பட்டிங்தான் பணம்’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் ஜீரணமாகாது. உங்கள் எண்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். ஐந்தாறு ஆட்டமாவது சேரட்டும், அதற்குமுன் முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் ஆறு நாள்

மிக அதிகமாக இழக்கும் ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட பட்டுகளில் மூன்று முறை தட்டுகிறீர்கள் என்றால், விடிகாலையில் மொட்டை மாடியில் ஒரு கம்பளத்தை விரித்து, சுவர்வரை போகாமல் கோட்டில் நிற்கும்படி தள்ளிப் பழகுங்கள். அயர்ன் ஷாட்கள் எல்லாமே குட்டையாக விழுகின்றன என்றால் பயிற்சியே வேண்டாம். மட்டையை மாற்றி எடுத்தால் போதும். ஏரிப்பக்கம் வெட்டவெளி கிடக்கிறதே என்று பந்தை அடிக்கப் போகாதீர்கள். மாடு மேய்ப்பவரின் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. கொல்லையில் வலை கட்டி அடியுங்கள்.

சனிக்கிழமை இரவு, எல்லா மட்டைகளின் நடு எண்களையும் ஒரு அட்டையில் எழுதுங்கள். ஆட்டத்துக்கு முன்பே எழுதியதைக் களத்தில் பார்க்க விதி அனுமதிக்கிறது. அட்டையைப் பையின் பக்கவாட்டில் செருகி, அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டால் பூந்தமல்லி நெரிசலுக்கு முன் நந்தனம் போய்விடலாம். டீயில் நிற்கும்போது அட்டையைக் கேடியிடம் ஒருமுறை காட்டுங்கள்.