மெஸ்ஸர்ஷ்மிட்டின் மூக்கில் ஓர் இங்கிலீஷ் எஞ்சின்

கேள்வி: பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. 1969-ல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களுக்குப் புகைக்குழாய்கள் மூக்கின் மேல்பக்கம் இருக்கின்றன. நான் ஒட்டிக்கொண்டிருக்கும் 109-இ மாடலில் கீழ்ப்பக்கம். படம் எடுத்தவர்கள் கோட்டை விட்டுவிட்டார்களா? அந்த விமானம் முதன்முதலில் பறந்ததே பிரிட்டிஷ் எஞ்சினில்தான் என்று நண்பர் ஒருவர் வேறு அடித்துச் சொல்கிறார்.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: நண்பர் சொல்வது உண்மை. உங்கள் மாடலும் சரி. படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றது 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம். அதை மீறி ரஷ்யாவில் லிபெட்ஸ்க் என்ற ஊரில் 1925 முதல் 1933 வரை ரகசியமாக விமானிகளைப் பழக்கினார்கள். விமானிகளை அப்படி ஒளித்து வளர்க்கலாம். விமானத்தின் உடலைக்கூட பயணிகள் விமானம் என்ற பெயரில் வரைந்து பழகலாம். பெரிய எஞ்சின் அப்படி வராது. ஆண்டுக்கணக்கில் ஓட்டி, உடைத்து, திருத்தினால்தான் கைக்கு வரும். 1935 மார்ச்சில் ஹிட்லர் அரசு விமானப்படையை வெளிப்படையாக அறிவித்தபோதும், புதிய போர் விமானங்களுக்காக ஜங்கர்ஸ் நிறுவனம் உருவாக்கிவந்த யூமோ 210 எஞ்சின் தயாராகவில்லை.

ஆக, உடல் தயார், இதயம் இல்லை. ரோல்ஸ்ராய்ஸின் கெஸ்ட்ரல் எஞ்சினை வாங்கினார்கள். பிரிட்டன் எப்படிக் கொடுத்தது என்று இன்று ஆச்சரியமாக இருக்கும். அன்று அது வெறும் வியாபாரம். ரோல்ஸ்ராய்ஸுக்கும் ஜெர்மனியின் ஹைங்கல் நிறுவனத்தின் வேகமான 70-ம் எண் விமானம் வேண்டியிருந்தது. அதில் ஒன்றை வாங்கி, கெஸ்ட்ரல் பூட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தது.

1935 மே மாத இறுதியில் ஆக்ஸ்பர்கில் முதல் 109 பறந்தது. கிட்டத்தட்ட 700 குதிரைத்திறன் கொண்ட கெஸ்ட்ரல், இரண்டே இதழ் கொண்ட மரப் புரொப்பெல்லர், ஓட்டியவர் க்னோட்ஷ். புதிய போர் விமானத்துக்கான தேர்வில் அதோடு போட்டிக்கு நின்ற ஹைங்கல் 112, அராடோ 80 இரண்டும்கூட முதலில் பறந்தது கெஸ்ட்ரலில்தான்! ரெக்லின் சோதனைத் தளத்தில் இறங்கும்போது 109-ன் சக்கரக் கால் மடிந்துபோனது. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் நிற்கட்டும் என்று கால்களை உடலோடு சேர்த்துக் குறுகலாக வைத்த யோசனை கடைசிவரை விமானிகளைப் படுத்தியது.

பாய்ந்திறங்கிக் குண்டு வீசும், 'ஸ்டூகா' என்று பெயர் வாங்கிய ஜங்கர்ஸ் 87-ன் கதையும் இதேதான். 1935 செப்டம்பரில் அதுவும் கெஸ்ட்ரலோடு எழும்பியது. வாலில் இரட்டைத் துடுப்பு. 1936 ஜனவரி 24 அன்று டிரெஸ்டன் அருகே, பாய்ந்திறங்கும் சோதனையில் வால் தாங்காமல் விமானம் தலைகீழாகச் சுழன்று விழுந்தது. 1929-ல் உயரப் பறப்பதில் உலக சாதனை படைத்த விமானி நொயன்ஹோஃபனும் உடனிருந்த பொறியாளரும் இறந்தார்கள். அடுத்த முன்மாதிரிக்கு ஒற்றைத் துடுப்பும் யூமோ எஞ்சினும் வந்தன. அந்த விபத்தில் எஞ்சின்மீது பழியில்லை.

இனி உங்கள் புகைக்குழாய். கெஸ்ட்ரலில் சிலிண்டர்கள் 'வி' எழுத்துபோல மேல்நோக்கி விரிந்திருக்கும். புகை மேலே வெளியேறும். யூமோவும், 109-இ-யில் வந்த டெய்ம்லர்-பென்ஸ் 601-ம் தலைகீழ் 'வி'. சிலிண்டர்கள் கீழே தொங்குவதால் விமானிக்கு முன்பக்கம் நன்றாகத் தெரியும். புகைக்குழாயும் கீழே இறங்கிவிடும்.

படத்தில் பறந்தவை ஜெர்மனியில் செய்தவை அல்ல. போருக்குப் பிறகு ஸ்பெயினின் ஹிஸ்பானோ நிறுவனம் 109-ன் உடலில் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திச் செய்த 'புச்சோன்' விமானங்கள் அவை. மெர்லின், கெஸ்ட்ரலின் வாரிசு. ஸ்பிட்ஃபயரில் இருந்ததும் அதுதான். படமெடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அத்தனை அசல் விமானங்களுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

பசை இன்னும் காயவில்லையென்றால் ஒரு யோசனை: உங்கள் மாடலை அந்த முதல் 109 ஆக்கிவிடலாம். புகைக்குழாய்களை மேலே ஏற்றுங்கள். புரொப்பெல்லரை இரண்டு இதழாக்குங்கள். இறக்கையடி ரேடியேட்டர்களை எடுத்துவிட்டு மூக்கின் அடியில் ஒன்று வையுங்கள். முதல் விமானத்தின் பதிவெண் டி-ஐஏபிஐ.