கிராமத்து ஊற்றும் நகரத்துக் குழாயும்

பீமா என்னும் நீண்ட இழைப் பருத்தியை நம் நெசவாளர் அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பர். அமெரிக்காவின் அரிஜோனா ராஜ்யத்தில் வாழும் பீமா இன மக்களின் பெயரைக் கொண்டது அது. மழை அருகிய அந்நாட்டில் நிலத்தடி நீரை ஓர் இடத்தினின்று வேறிடத்திற்குக் கொண்டு செல்வது பற்றிய சட்டத்தை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தன் நிலத்தின் அடியில் பரவிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்பது நம் நாட்டு 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் கொள்கை. அரிஜோனா உச்ச நீதிமன்றம் 1953-இல் இவ்வுரிமைக்கு ஒரு வேலியிட்டது. நீரை வெளியே கொண்டு சென்று அண்டை நிலத்தாருக்கு நஷ்டம் விளைவிக்கலாகாது என்றது. 1976-இல் பீக்கன் கொட்டைத் தோட்டக்காரர் ஒரு பக்கமும், தாமிரச் சுரங்கங்களும் டூசான் நகரமும் மறுபக்கமுமாக நின்ற வழக்கில், தோட்டக்காரர் பக்கமே தீர்ப்பாயிற்று. நகரங்கள் கலங்கின. சமரசமாகப் பிறந்ததே 1980-ஆம் வருஷத்து நிலத்தடி நீர் நிர்வாகச் சட்டம்.

இச்சட்டம் பீனிக்ஸ், டூசான், பிரெஸ்காட், பைனால் ஆகிய நான்கையும் நிர்வாகப் பகுதிகளாக வகுத்தது. அவற்றுள் புதிய பாசன நிலம் கூடாது. புதிய குடியிருப்பு மனைகளுக்கு நூறு ஆண்டுக்கான நீரை உறுதிப்படுத்த வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் நகரங்களின் பார்வை வேலிக்கு வெளியே திரும்பிற்று. 1986-இல் பீனிக்ஸ் நகரம் லா பாஸ் ஜில்லாவின் மக்முல்லன் பள்ளத்தாக்கில் சுமார் 14,000 ஏக்கர் சாகுபடி நிலத்தை வாங்கியது. வாங்கியது மண்ணை, வேண்டியது நீரை! அந்த ஜில்லாவில் பெரும்பகுதி மத்திய சர்க்காரின் நிலம். வரி செலுத்தும் தனியார் நிலம் சொற்பம். நகரசபையின் சொத்துக்கு வரி இல்லையாதலின், பள்ளிக்கும் சாலைக்குமான சுமை எஞ்சியோர் தலையில் விழும் என்ற அச்சம் எழுந்தது.

எனவே 1991-இல் மற்றொரு சட்டம் வந்தது. கிராமப்புற வடிநிலங்களிலிருந்து அந்நான்கு பகுதிகளுக்கு நீர் கொண்டு வருவது பொதுவாகத் தடுக்கப்பட்டது. ஆனால் மக்முல்லன், பட்லர், ஹார்குவஹாலா, பிக் சீனோ ஆகியவற்றுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு. ஹார்குவஹாலாவில் முன்பே பாசனம் பெற்ற நிலத்துக்கு மட்டும், ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுச் சராசரி 3 ஏக்கர் அடி எடுக்கலாம். ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர் அடி, ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். பயிர் குடித்துவந்த நீரே நகருக்குப் போகிறது, புதிய இழப்பில்லை என்பது வாதம். இது முழு உண்மையன்று. வயலில் பாய்ந்த நீரில் ஒரு பங்கு மீண்டும் நிலத்தில் கசிந்து இறங்கும். குழாயில் சென்றது திரும்பாது. மேலும், ஆண்டுக்குச் சராசரி 10 அடி வரை, 1,000 அடி ஆழம் வரை நீர்மட்டம் தாழச் சட்டம் இடந்தருகிறது. இதைக் கட்டுப்பாடென்பதினும் அனுமதி என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

மற்றொரு குறையும் உண்டு. சட்டம் தடுப்பது நீரின் பிரயாணத்தையே. நிர்வாகப் பகுதிகளுக்கு வெளியே பெரும்பாலும் இறைப்புக்கு வரம்பில்லை. பட்லர் பள்ளத்தாக்கில் சவூதி அரேபியப் பால் கம்பெனியின் கிளை நிறுவனம் ராஜ்ய சர்க்காரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குதிரைமசால் பயிரிட்டு, கடல் கடந்து தீவனமாக அனுப்பியது. நீர் குழாயில் போகவில்லை. வைக்கோல் கட்டாகப் போயிற்று. 2023 அக்டோபரில் அங்கு ஒரு குத்தகையை ரத்துச் செய்ததாகவும், மற்றவற்றைப் புதுப்பிப்பதில்லை என்றும் கவர்னர் அறிவித்தார். டக்ளஸ் வடிநில வாசிகளோ 2022 நவம்பரில் வாக்களித்துத் தாமே நிர்வாகப் பகுதியாயினர்.

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987-இல் இயற்றிய சட்டமும் நிலத்தடி நீரை லாரியில் ஏற்றிச் செல்ல லைசென்சு வேண்டும் என்கிறது. அங்கத்தினர் கல்வி வட்டத்தில் கணக்கிட ஒன்று: ஹார்குவஹாலா விகிதப்படி 100 ஏக்கரின் நீர் ஆண்டுக்கு 300 ஏக்கர் அடி. 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் அதை ஏற்றினால், நாளொன்றுக்கு எத்தனை நடை போகும்? விடை: சுமார் 84.