மனுவுக்குப் பதில் இல்லையே?

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை, சாக்கடையும் தேங்கி நிற்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பலன் இல்லை. என்ன செய்வது?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுங்கள் அம்மா. தெருவிளக்கும் வடிகாலும் யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவி அல்ல. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு அவற்றை ஊராட்சியின் கடமைகளில் சேர்த்திருக்கிறது.

மனுவில் தெருப் பெயரோடு மின்கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். 'எங்கள் தெரு விளக்கு' என்று மட்டும் எழுதினால், எந்த விளக்கு என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பலம். பல்பு மாற்றுவது ஊராட்சியின் வேலை. கம்பியே அறுந்திருந்தால் மின்வாரியத்திடம் போக வேண்டும்.

அப்படியும் நடக்கவில்லையா? கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். தனியாகப் போக வேண்டாம்; தெருப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசினால் மட்டும் போதாது. உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

சாக்கடைக்கு அடுத்த கிராம சபை வரை காத்திருக்காதீர்கள், கொசு காத்திருக்காது. முத்திரை பெற்ற அந்தப் படியின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள்.